வெறுஞ்சிலுவை எப்போது வந்தது?

1644 ஜனவரி 6-ஆம் தேதி இங்கிலாந்தின் கிழக்கே, சஃபக் பகுதியின் ஹேவர்ஹில் ஊர்க் கோவிலுக்குச் சிலர் வந்தார்கள். அன்று நடந்தவற்றை அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் எழுதி வைத்திருக்கிறார். சுமார் நூறு ‘மூடநம்பிக்கைச் சித்திரங்கள்’ உடைக்கப்பட்டன. தாங்கள் வருமுன்பே இன்னும் இருநூறு உடைந்து கிடந்தன. கோவிலின் உச்சியில் நின்ற பெரிய கற்சிலுவையை அடித்து வீழ்த்தினார்கள். அந்தச் சிலுவையில் இயேசுவின் உருவம் இருந்ததாக அவர் சொல்லவில்லை. வீழ்த்தியவர்கள் பைபிளைக் கரைத்துக் குடித்த புராட்டஸ்டண்டுகள்.

இந்த ஒரு வரிதான் என்னை இந்தத் தேடலில் இறக்கியது. நம் ஊர்க் கிறிஸ்தவர்களிடம் கேட்டால் சிலுவை விஷயத்தில் ஒரு விளக்கம் ஆயத்தமாக இருக்கும். கத்தோலிக்கர் வீட்டில் இயேசுவின் உடல் தொங்கும் பாடுபட்ட சுரூபம் இருக்கும். புராட்டஸ்டண்ட் வீட்டில் உருவமில்லாத வெறுஞ்சிலுவை இருக்கும். ஏன் என்றால், ‘அவர்கள் மரித்த இயேசுவை நினைக்கிறார்கள், நாங்கள் உயிர்த்த இயேசுவை நினைக்கிறோம்’ என்று ஒரு தரப்பு சொல்லும். ‘பாடுகளைப் பார்க்காமல் உயிர்ப்பை எப்படி நினைப்பது’ என்று மறுதரப்பு கேட்கும். இந்தப் பிரிவு பதினாறாம் நூற்றாண்டிலேயே, லூத்தர் காலத்திலேயே உண்டானது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சந்தேகமில்லை. அது உண்மையானால் ஹேவர்ஹில் கற்சிலுவைக்கு ஆபத்து வந்திருக்கக் கூடாது.

முதலில் சாட்சியைப் பற்றி. எழுதியவர் வில்லியம் டௌசிங். சஃபக்கின் லாக்ஸ்ஃபீல்டில் 1596-இல் பிறந்து 1668-இல் இறந்தவர். சொந்த நிலமுள்ள விவசாயி. மன்னர் முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டபோது நாடாளுமன்றத்தின் கிழக்குப் படையில் ஒழுங்கு அதிகாரியாக இருந்தார். படைத்தலைவரான மான்செஸ்டர் பிரபு 1643 டிசம்பரில் அவருக்கு ஓர் அதிகாரப் பத்திரம் கொடுத்தார். கோவில்களிலும் கல்லூரிச் சிற்றாலயங்களிலும் உள்ள விக்கிரகச் சின்னங்களை அகற்றுவது அவர் வேலை. அடுத்த பத்து மாதங்களுக்குள் கேம்பிரிட்ஜ்ஷயரிலும் சஃபக்கிலுமாக ஏறத்தாழ 250 இடங்களுக்குப் போனார். போன இடம், தேதி, உடைத்தது, உடைக்கச் சொன்னது என்று ஒவ்வொன்றையும் குறித்து வைத்தார். உடைத்தவரே தன் கைப்பட எழுதிய இப்படிப்பட்ட பதிவு இங்கிலாந்தில் வேறொன்று கிடைக்கவில்லை.

ஆனால் அவர் கைப்பட எழுதிய ஏடு இன்று இல்லை. சஃபக் பகுதியை 1704-இல் ஒருவர் படியெடுத்திருக்கிறார். அதை ராபர்ட் லோடர் உட்பிரிட்ஜில் 1786-இல் அச்சிட்டார். கேம்பிரிட்ஜ் பகுதி தாமஸ் பேக்கர் என்ற அறிஞரின் கையெழுத்துப் படியில் தப்பியது. பிரிந்து போன இந்த இரண்டு துண்டுகளும் ஊர் ஊராகச் சரிபார்க்கப்பட்டு ட்ரெவர் கூப்பரின் பதிப்பில் ஒன்றாக வந்தது 2001-இல்தான். ஆகவே நாம் வாசிப்பது நகலின் அச்சு. எண்கள் பிசகியிருக்கலாம், ஊர்ப்பெயர் மாறியிருக்கலாம் என்ற எச்சரிக்கையோடுதான் ஒவ்வொரு வரியையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தேதியிலும் ஒரு கண்ணி உண்டு. ஹேவர்ஹில் குறிப்பில் ஆண்டு 1643 என்றே இருக்கிறது. அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. எனவே ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் பழைய ஆண்டின் கணக்கில் போயின. நம் கணக்கில் அது 1644. இதைக் கவனிக்காதவர் டௌசிங் முதலில் சஃபக்கை முடித்துவிட்டு ஆண்டுக் கடைசியில் கேம்பிரிட்ஜுக்குப் போனார் என்று நினைப்பார். நடந்தது நேர்மாறு.

நாட்குறிப்பு உண்மைதானா என்று வேறொரு கையெழுத்தைக் கொண்டு சோதிக்க முடியுமா? முடியும். அங்கே ஒவ்வொரு பங்கிலும் சர்ச் வார்டன்கள் இருந்தார்கள். கோவிலின் வரவுசெலவுக்குப் பொறுப்பான ஊர்க்காரர்கள். வால்பர்ஸ்விக் என்ற கடலோர ஊரின் வார்டன்கள் எழுதிய கணக்கில், 1644 ஏப்ரல் 8 அன்று பட்டாளக்காரர்களோடு வந்த ‘டௌசன்’ என்பவருக்கு, உருவங்களையும் கல்லறைப் பித்தளைத் தகடுகளையும் எடுத்ததற்காக 6 ஷில்லிங் கொடுத்ததாக ஒரு வரி இருக்கிறது. அவர் வருமுன்பே தகடுகளைப் பெயர்க்க வேறு ஆட்களுக்கு ஒரு ஷில்லிங் செலவாகியிருக்கிறது. டௌசிங்கின் நாட்குறிப்பிலும் வால்பர்ஸ்விக்குக்கு அதே ஏப்ரல் 8. ஒருவரையொருவர் பார்த்து எழுத வாய்ப்பில்லாத இரண்டு ஏடுகள் ஒரு நாளில் ஒத்துப்போகின்றன. சாட்சியை நம்பலாம்.

அந்த நாளின் குறிப்பையே இன்னும் நெருங்கிப் பார்த்தேன். வால்பர்ஸ்விக்கில் நாற்பது சித்திரங்கள் உடைக்கப்பட்டதோடு, கோபுரத்திலும் முகப்பு மண்டபத்திலும் இருந்த ஐந்து சிலுவைகளை எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அன்றே போன பக்கத்து ஊர் சவுத்வோல்டில், பொருளறையின் நான்கு மூலைகளிலும் நின்ற நான்கு சிலுவைகள். கூரை முனைகளில் நிற்கும் இவை பெரும்பாலும் உருவமற்ற கற்சிலுவைகள். ஹேவர்ஹில் ஒரு விதிவிலக்கு அல்ல. வெறுஞ்சிலுவையும் தேடி அழிக்க வேண்டிய பொருளாகவே அவர் பட்டியலில் இருந்தது.

இது தனியொருவரின் அதிகப்பிரசங்கித்தனமா என்று சட்டத்தைப் பார்த்தேன். 1643 ஆகஸ்ட் 28-இல் நாடாளுமன்றம் பிறப்பித்த ஆணை கல் பீடங்களையும், பீடத்தைச் சுற்றிய தடுப்புகளையும், மெழுகுவர்த்தித் தண்டுகளையும் அகற்றச் சொல்கிறது. பாடுபட்ட சுரூபங்கள், சிலுவைகள், திரித்துவத்தில் எவருடைய உருவமும், மரியாளின் உருவம், புனிதர்களின் உருவங்கள் யாவும் அந்த ஆண்டு நவம்பர் 1-க்குள் போய்விட வேண்டும் என்கிறது. சுரூபமும் சிலுவையும் அடுத்தடுத்து, ஒரே தண்டனைக்கு உரியவையாக நிற்கின்றன. ஒன்று ஆகாது, மற்றது ஆகும் என்ற பேச்சே இல்லை. அரசர்கள், பிரபுக்கள், புனிதர் என்று கருதப்படாத பிற இறந்தோர் ஆகியோரின் நினைவுச் சின்னங்களுக்கு மட்டும் விலக்கு.

அதற்கு முன்பே லண்டனில் சீப்சைடு தெருவின் புகழ்பெற்ற சிலுவைத் தூணை 1643 மே மாதம் இடித்துவிட்டார்கள். பியூரிட்டன்கள், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையை இன்னும் முழுமையாகச் சுத்திகரிக்க விரும்பியவர்கள், 1603-இல் மன்னர் முதலாம் ஜேம்ஸிடம் கொடுத்த விண்ணப்பத்தில் திருமுழுக்கின்போது குழந்தையின் நெற்றியில் இடும் சிலுவை அடையாளத்தையே நீக்கக் கேட்டிருந்தார்கள். திருச்சபை மறுத்து, 1604-இல் அந்த வழக்கத்தைக் காக்க ஒரு விதியும் எழுதியது. விரலால் நெற்றியில் வரையும் சிலுவைக்கே எதிர்ப்பு இருந்த காலம் அது.

அடுத்து, நாட்குறிப்பில் இல்லாத ஒன்று என் கண்ணில் உறுத்தியது. இத்தனை கோவில்களில் ஏறி இறங்கியவர் பெரிய மரச் சுரூபம் ஒன்றையாவது இறக்கியிருக்க வேண்டாமா? இடைக்கால இங்கிலாந்தில் ஒவ்வொரு கோவிலிலும் ‘ரூட்’ இருந்தது. மக்கள் நிற்கும் கூடத்துக்கும் பீடப்பகுதிக்கும் இடையே மரத்தடுப்பு ஒன்று குறுக்கே போகும். அதன் மேலே இயேசுவின் பாடுபட்ட சுரூபம், ஒருபுறம் மரியாள், மறுபுறம் யோவான். இந்த மூன்று உருவங்களும் சேர்ந்ததுதான் ரூட். டௌசிங் சிலுவையில் அறையப்பட்ட இயேசுவைக் குறிப்பிடுவது பெரும்பாலும் சன்னல் கண்ணாடியில் தீட்டிய ஓவியமாகவே வருகிறது. மரச் சுரூபங்கள் எங்கே போயின?

அவை எண்பது ஆண்டுக்கு முன்பே போய்விட்டன. ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் 1547 நவம்பரில் லண்டன் புனித பவுல் பேராலயத்தின் ரூட் இறங்கியது. மறு ஆண்டு பிப்ரவரியில் எல்லாக் கோவில்களிலும் எல்லா உருவங்களையும் எடுக்க ஆணை வந்தது. 1553-இல் கத்தோலிக்க அரசி மேரி வந்ததும் ரூட்கள் திரும்ப ஏறின. 1558-இல் எலிசபெத் பட்டத்துக்கு வர, மறு ஆண்டு ஆகஸ்டில் லண்டன் தெருக்களில் அவை எரிந்தன. பன்னிரண்டே ஆண்டுகளுக்குள் இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கிய வேலை இது. இத்தனைக்கும் எலிசபெத் தன் அரண்மனைச் சிற்றாலயத்தில் மட்டும் வெள்ளிச் சுரூபம் ஒன்றை வைத்திருந்தார். அவருடைய ஆயர்களே வருந்தியும் கண்டித்தும் பார்த்தார்கள். அரசி விடவில்லை.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு மரப்பலகைகளே சாட்சி சொல்கின்றன. நார்ஃபக்கில் லட்டம் கோவிலில் ரூட் இருந்த வளைவை அடைத்த பலகைகளின் மேல் சிலுவைக் காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. செதுக்கிய உருவங்களைச் செய்விக்க நேரமோ பணமோ இல்லாமல் மேரி காலத்தில் அவசரமாக வரைந்தது என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். பிறகு அதன்மேல் எலிசபெத்தின் அரச முத்திரை தீட்டிய துணியை விரித்து மூடிவிட்டார்கள். இயேசு இருந்த இடத்தில் அரசியின் சிங்கம்.

இதைவிட என்னை அசைத்தது சஃபக்கின் வென்ஹாஸ்டன். 1892-இல் அந்தக் கோவிலைப் பழுதுபார்த்தபோது சுண்ணாம்பு பூசிய பழைய பலகைகளைக் கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் வீசினார்கள். இரவில் மழை பெய்தது. சுண்ணாம்பு கரைந்து, உள்ளிருந்த கடைசித் தீர்ப்பு நாளின் ஓவியம் வெளியே வந்தது. அதன் நடுவில் ஓவியமே தீட்டாத வெற்றிடம் சிலுவை வடிவில் இருக்கிறது. இரு பக்கமும் ஆள் வடிவில் இன்னும் இரண்டு வெற்றிடங்கள். ரூட்டின் மூன்று மரச்சிற்பங்கள் பலகையோடு ஒட்டி நின்றதால் ஓவியர் அவற்றைச் சுற்றித்தான் வண்ணம் தீட்டியிருக்கிறார். சிற்பங்கள் போய்விட்டன, அவை நின்ற அளவு மட்டும் நிற்கிறது. பலகையின் கீழ்ப்பகுதியில், ஆளுகிற அதிகாரத்துக்கு அடங்கி நடக்கச் சொல்லும் ரோமர் நிருபத்தின் வசனத்தைப் பிற்காலத்தார் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த அதிகாரம் உருவங்களை இறக்கச் சொன்னதோ, அதற்கு.

ஆகவே சுரூபத்தின் மீதான தாக்குதல் முதல் அலை. 1640-களுக்கு மிஞ்சியது கண்ணாடியும் கூரைச் சிலுவைகளும் பித்தளை எழுத்துகளும். டௌசிங் உருவமுள்ளதை விட்டு உருவமற்றதைத் தேடிப் போகவில்லை. முன்னோர் விட்டுவைத்ததை முடித்து வைத்தார்.

இங்கே அவருக்கும் ஒரு நியாயம் செய்ய வேண்டும். கிழக்கு இங்கிலாந்தில் உடைந்த மூக்கு எதைக் கண்டாலும் டௌசிங்கின் பெயரைச் சொல்வது வழக்கம். பிளித்பரோ கோவிலின் கூரையில் சிறகு விரித்த மரத் தேவதூதர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் துப்பாக்கியால் சுட்டது டௌசிங்கின் ஆட்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். 1970-களில் பழுதுபார்த்தபோது மரத்துக்குள் ஈயக் குண்டுகள் அகப்பட்டன. கதை உறுதியானது போலத் தோன்றியது. ஆனால் கோவில் கணக்கில் 1761-இல், உள்ளே கூடு கட்டிய ஜாக்டா என்னும் சிறு காக்கைகளைச் சுட வெடிமருந்தும் ரவையும் வாங்கிய செலவு இருக்கிறது. குண்டுகள் அந்தக் காலத்தவை. டௌசிங்கின் குறிப்பில் துப்பாக்கியே இல்லை. இருபது தேவதூதர் உருவங்களை எடுக்க ‘உத்தரவு’ என்று மட்டும் இருக்கிறது.

உடைத்தது வேறு, உடைக்க உத்தரவிட்டது வேறு. நாட்குறிப்பை வாசிப்பவர் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டிய வேறுபாடு இது. டௌசிங் போன பிறகு ஏணி வைத்து ஏறிச் செலவு செய்து முடிக்க வேண்டியவர்கள் ஊர் வார்டன்கள். பலர் செய்யவில்லை. கிளேர் ஊரில் கிழக்குச் சன்னலின் சூரியனையும் சந்திரனையும் எடுக்கச் சொன்னார்; அவை இன்றும் இருக்கின்றன. அஃபர்ட் ஊரின் வார்டன்கள் அவரது இரண்டாம் வருகையின்போது இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அவரை உள்ளே விடவில்லை. அங்குள்ள திருமுழுக்குத் தொட்டியின் மூடி, தன் மார்பைக் கொத்தும் பெலிக்கன் பறவை உச்சியில் அமர்ந்த ஐந்தரை மீட்டர் மர வேலைப்பாடு, தப்பியது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்தில் ஆயிரம் சித்திரங்கள் என்று எழுதியிருக்கிறார். அந்தச் சன்னல்கள், கிழக்குச் சன்னலில் உள்ள சிலுவைக் காட்சி உட்பட, முழுதாக நிற்கின்றன. அத்தனை பெரிய சன்னல்களை ஒரே இரவில் கழற்றிப் புதைத்தார்கள் என்ற உள்ளூர்க் கதையை ஏற்க முடியவில்லை. உத்தரவு நிறைவேறவில்லை, அவ்வளவே.

இனி மிக முக்கியமான கேள்வி. வெறுஞ்சிலுவையையும் ஏன் பொறுக்கவில்லை? இதற்கு டௌசிங்கே பதில் சொல்லும் இடம் ஒன்று உண்டு. 1643 டிசம்பர் 26 அன்று கேம்பிரிட்ஜ் பெம்புரோக் கல்லூரியில் எண்பது சித்திரங்களை உடைக்கும்போது அங்குள்ள அறிஞர்கள் மறித்தார்கள். படங்களை உடைக்கக் கூடாது என்பதற்குச் சட்டப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றார் ஒருவர். கொண்டுவாருங்கள், இருந்தால் படங்கள் நிற்கட்டும் என்றார் டௌசிங். திருச்சபைக் காரியத்தில் குருக்களுக்கே அதிகாரம், ஆட்சியாளருக்கு இல்லை என்றார்கள். மக்களுக்கும் பங்குண்டு என்று அப்போஸ்தலர் நடபடிகளுக்குக் கால்வின் எழுதிய உரையை எடுத்துக்காட்டி வாதாடினார் இந்த விவசாயி. அதிகாரம் யாருடையது, கடவுள் விலக்கியது எது என்பவைதான் அந்த வாதம் முழுதும். இயேசு உயிர்த்துவிட்டார், ஆகவே சிலுவை காலியாக இருக்க வேண்டும் என்ற காரணத்தின் நிழல்கூட அதில் இல்லை.

அவருடைய காரணம் பத்துக் கட்டளைகளில் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், அவற்றை எண்ணும் முறையில். யாத்திராகமத்தின் 20-ஆம் அதிகாரம் பத்து என்று வரிசை எண் போட்டுத் தரவில்லை. கத்தோலிக்கர் அகஸ்டினாரைப் பின்பற்றி, வேறு தெய்வங்கள் கூடாது என்பதையும் சிலை செய்து வணங்கக் கூடாது என்பதையும் ஒரே முதல் கட்டளையாகக் கொள்கிறார்கள். கடைசியில் பிறர் மனைவியையும் பிறர் பொருளையும் இச்சிக்காதே என்பதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். இந்தக் கணக்கில் சிலைத் தடை, பொய்த் தெய்வ வழிபாட்டுத் தடையின் ஒரு கிளை. கால்வினும் அவர் வழி வந்த சபைகளும் இங்கிலாந்துத் திருச்சபையும் அதைத் தனியே பிரித்து இரண்டாம் கட்டளை ஆக்கினார்கள். அப்போது அது தன் காலில் நிற்கும் தடையாகிறது: மெய்த் தெய்வத்தைக்கூட உருவத்தின் வழியாக வணங்காதே. வணக்கத்துக்கு ஆளாகியிருந்த எந்தப் பொருளும், அதில் உருவம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தத் தடைக்குள் வந்துவிடும். பெரிய வெள்ளியன்று மக்கள் முழந்தாளிட்டு முத்தமிட்டது சிலுவையை. ஆகவே சிலுவையும் தப்பவில்லை.

கத்தோலிக்கத் தரப்பின் பதிலும் பழையது. 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம், உருவத்துக்குச் செய்யும் மரியாதை அது சுட்டும் ஆளுக்குப் போகிறது என்று தீர்த்தது. 1563 டிசம்பரில் திரெந்து சங்கம் அதையே மறுபடி சொல்லி, உருவத்துக்குள் தெய்வீகமோ சக்தியோ இருப்பதாக நம்பி வேண்டுதல் வைக்கக் கூடாது என்றும் எச்சரித்தது. எழுத்தறியாதவர்களுக்குச் சித்திரமே புத்தகம் என்று போப் முதலாம் கிரகோரி மார்சேய் ஆயருக்குச் சுமார் 600-இல் எழுதியது அவர்களுக்குப் பெரிய ஆதாரம். அதே 1563-இல் வெளிவந்த கால்வின் வழியினரின் ஹைடல்பர்க் வினாவிடை அந்த வாதத்தையே பெயர் சொல்லாமல் எடுத்து மறுக்கிறது: கடவுள் தம் மக்களுக்கு ஊமைப் படங்களால் அல்ல, பிரசங்கத்தால் போதிக்க விரும்புகிறார் என்பது அதன் கருத்து. இந்த இரண்டு தரப்பும் முட்டாள்தனமாகச் சண்டையிடவில்லை. பார்வை பக்திக்கு உதவுமா, அதைக் கெடுக்குமா என்ற கேள்விக்கு இரண்டு தெளிந்த பதில்கள் இவை.

லூத்தர் எந்தப் பக்கம்? இங்கேதான் வழக்கமான விளக்கம் முற்றாக உடைகிறது. கட்டளைகளைப் பழைய கத்தோலிக்கக் கணக்கிலேயே எண்ணினார் லூத்தர். 1522 மார்ச்சில், விட்டன்பர்கில் உருவங்களைப் பெயர்க்கும் கலவரம் மூண்டபோது ஒளிந்திருந்த கோட்டையை விட்டு வந்து அதை நிறுத்தினார். 1525-இல் எழுதிய நூலில், இயேசுவின் பாடுகளைக் கேட்கும்போது சிலுவையில் தொங்கும் மனிதரின் உருவம் தன் நெஞ்சில் தானே எழுகிறது என்றும், நெஞ்சில் இருக்கலாகுமானால் கண்முன் இருப்பது எப்படிப் பாவமாகும் என்றும் கேட்டார். விட்டன்பர்க் நகரக் கோவிலின் 1547 பீட ஓவியத்தில், கிரானாக் பட்டறையின் கைவண்ணத்தில், ஒருபுறம் லூத்தர் பிரசங்க மேடையில், மறுபுறம் சபையார், நடுவே சிலுவையில் தொங்கும் இயேசு. லூத்தர் கை நீட்டுவது அந்த உடலை நோக்கி. லூத்தரன் கோவில்களின் பீடத்தில் பாடுபட்ட சுரூபம் இன்றும் சாதாரணம்.

நம் மண்ணிலும் இந்தத் தடம் உண்டு. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் புளூட்சோவும் லூத்தரன்கள். லூத்தரின் ஞானோபதேசம் வழியாகத் தமிழ் லூத்தரன் பிள்ளைகள் மனப்பாடம் செய்த கட்டளை வரிசை கத்தோலிக்கப் பிள்ளைகளின் வரிசையே. ஆங்கிலிக்கன் வழியில் வந்த திருநெல்வேலிப் பிள்ளைகளுக்கு இரண்டாம் கட்டளை வேறு. பிளவுக் கோடு கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் நடுவே போகவில்லை. புராட்டஸ்டண்டுகளுக்குள்ளேயே, கட்டளை எண்ணும் இடத்தில் போகிறது.

அப்படியானால் சுரூபம் ஆகாது, வெறுஞ்சிலுவை ஆகும் என்ற நடுவழி எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்துதான் அதற்கான ஆவணத்தைக் கண்டேன். டௌசிங் உடைத்த அதே கேம்பிரிட்ஜில் 1839-இல் மாணவர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். இடைக்காலக் கோவில் அழகை மீட்பது நோக்கம். கோவில்களில் சிலுவைகள் மெல்லத் திரும்பின. உடனே வழக்குகளும் வந்தன. லண்டன் நைட்ஸ்பிரிட்ஜ், பிம்லிகோ கோவில்களின் சிலுவைகளைப் பற்றிய வழக்கு கீழ் நீதிமன்றங்களில் சிலுவைக்கு எதிராகப் போய், 1857 மார்ச்சில் பிரிவி கவுன்சில் என்ற உச்ச அமைப்பின் தீர்ப்புக்கு வந்தது. சுரூபத்திலிருந்து சிலுவையை வேறாக்கிப் பார்த்த நீதிபதிகள், கட்டட அலங்காரமாக நிற்கும் வெறுஞ்சிலுவை சட்டப்படி ஆகும் என்றார்கள். திருவிருந்து மேசையோடு பொருத்திய சிலுவை மட்டும் ஆகாது.

இருபது ஆண்டு கழித்து ஃபோக்ஸ்டனின் புனித பேதுரு கோவில் வழக்கு. அங்கே தடுப்பின் மேல் மீண்டும் ஏறியிருந்தது பாடுபட்ட சுரூபம், எலிசபெத் காலத்துக்கு முன் கோவில்களில் ரூட் நின்ற அதே இடம். மக்கள் மூடபக்தியோடு அதை வணங்கும் அபாயம் உண்டு என்று 1877-இல் பிரிவி கவுன்சில் அதை இறக்கச் செய்தது. வெறுஞ்சிலுவை நிற்கலாம், உடலோடு உள்ளது நிற்கக் கூடாது. நாம் இன்று நானூறு, ஐந்நூறு ஆண்டுப் பழமை என்று நினைக்கும் பாகுபாடு இங்கிலாந்துத் திருச்சபையில் எழுத்தில் உறுதியானது இந்த இரண்டு தீர்ப்புகளில். இதே சட்டம் டௌசிங்கின் கையில் இருந்திருந்தால் ஹேவர்ஹில் கற்சிலுவை தன் இடத்திலேயே நின்றிருக்கும்.

உயிர்த்த இயேசுவின் அடையாளம் காலிச் சிலுவை என்ற விளக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அதை நம்பி ஆறுதல் பெறுகிறவர்கள் உண்டு. ஆனால் இங்கே நான் தொடர்ந்து வந்த ஆணைகளிலும் கணக்குகளிலும் தீர்ப்புகளிலும் சிலுவையிலிருந்து உடலை இறக்கியதற்கு அது காரணமாக வரவில்லை. கத்தோலிக்கர் உயிர்ப்பை மறந்தவர்கள் என்ற முடிவும் இந்த ஆதாரங்களிலிருந்து கிடைக்காது. பலிபூசை நடக்கும் பீடத்திலோ அதன் அருகிலோ சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் உருவம் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய திருப்பலி நூலின் இன்றைய விதி. அதே பீடத்தில்தான் ஈஸ்டர் பூசையும் நடக்கிறது.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கோவிலின் பீடத்திலோ கோபுரத்திலோ இருக்கும் சிலுவை என்றைக்கு வந்தது, யார் காணிக்கை, அதற்கு யாராவது ஆட்சேபம் சொன்னார்களா என்பதைத் தேட வேண்டிய இடம் உங்கள் சபையின் பழைய கூட்டக் குறிப்பேடும் வரவுசெலவுப் புத்தகமும்தான். வால்பர்ஸ்விக்கில் 6 ஷில்லிங் எழுதிய வார்டனும் அது வரலாறாகும் என்று நினைத்து எழுதவில்லை. கரையான் தின்னுமுன், பழைய தாள் எடைக்குப் போகுமுன், அந்தப் புத்தகங்களை எடுத்துத் துடைத்துப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வையுங்கள்.